எண்பது பவுண்டு ஈயம்

அந்த அறிவிப்பு வியாழக்கிழமை காலை என் மேசைக்கு வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு பக்கங்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்சன் ரோட்டை மூடி நடத்தவிருந்த கார்ப் பந்தயத்தின் புதிய விதிகள் அதில் இருந்தன. எங்கள் தமிழ்ப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி பார்த்தவன் நான் ஒருவன்தான். மொழிபெயர்ப்பும் என் வேலை.

விதிகள் இரண்டு. சிறிய கார்களுக்கு இனிமேல் குறைந்தபட்ச எடை உண்டு. அதற்குக் கீழே இருக்கும் கார் ஓடக் கூடாது. அடுத்தது, ஒரே நீண்ட பந்தயத்துக்குப் பதிலாக இரண்டு குறும் பந்தயங்கள். முதலாவதில் முன்னால் வந்தவர் இரண்டாவதில் பின்வரிசையில் நிற்கவேண்டும். இடைவேளையில் கார்களைக் கயிறு கட்டிய இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஓட்டுகிறவர் உட்பட யாரும் தொடக் கூடாது.

மொழிபெயர்ப்பை அச்சுக்குக் கொடுத்துவிட்டு ஜாலான் புசார் தெருப் பக்கம் இருந்த பட்டறைக்கு நடந்தேன். என் தங்கையின் கணவர் அங்கே மெக்கானிக். பட்டறையின் சீன முதலாளி வைத்திருந்த பந்தயக் காரை இரண்டு வருடமாக அவர்தான் ஓட்டினார். அதற்குக் கூரை கிடையாது. ஒரு வருடமாக அதன் எடையைக் குறைப்பதே அவருடைய வேலையாக இருந்தது. இருக்கைச் சட்டத்தில்கூட வரிசையாகத் துளை போட்டிருந்தார்.

நான் விதியைப் படித்துச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அறுத்து அறுத்துக் குறைச்சேன் மச்சான். இப்ப திரும்ப ஏத்தச் சொல்றானா?"

"பொண்டாட்டியப் பின்னால உக்கார வச்சுக்குங்க லா, எடை சரியாப் போயிடும்" என்றார் பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர். நான் அவளுடைய அண்ணன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "முதலாளி முடிவாச் சொல்லிட்டாரு. இந்த வாட்டி ரெண்டு ரேஸையும் முடிக்கலைன்னா அடுத்த வருஷம் அவரு மருமவன்தான் ஓட்டுவானாம்."

அரிசிக் கிட்டங்கியின் பெரிய தராசில் முன்சக்கரங்களை ஒரு முறையும் பின்சக்கரங்களை ஒரு முறையும் ஏற்றி நிறுத்தோம். விதியில் சொன்ன எடைக்கு எண்பது பவுண்டு குறைந்தது.

ஈயம் என்று சொன்னவன் நான். எங்கள் அச்சுக்கூடத்தில் தேய்ந்த ஈய எழுத்துகள் உருக்குவதற்காகக் குவிந்து கிடந்தன. ஃபோர்மேனிடம் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார். கட்டியாக உருக்கித் தர முடியுமா என்றேன். கொப்பரையைத் திங்கட்கிழமைதான் மூட்டுவேன் என்றார்.

அதனால் எழுத்துகளை அப்படியே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் டின் ஒன்றில் கொட்டியபோது பாதிகூட நிரம்பவில்லை. அச்சுக்கூடத்தில் எழுத்துப் பெட்டிகளை இடம் மாற்றும்போது காலியிடத்தில் பழைய செய்தித்தாளைக் கசக்கி, மரக்கட்டையால் இடித்து அடைப்பார்கள். மாடிப்படியில் உருண்டாலும் ஓர் எழுத்து அசையாது. அதே முறையில் நானே அடைத்தேன். வாயைத் தகரத்தால் மூடிக் கம்பியால் கட்டினேன். மாப்பிள்ளை டின்னை இருக்கைக்குப் பின்னால் படுக்கவைத்து இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார்.

"உள்ள நகராதே மச்சான்?"

"நகராது. நான் கட்டினது."

ஞாயிறு காலை எடை பார்த்தவர்கள் முத்திரைச் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். டின்னைத் தட்டிப் பார்த்தார்கள், திறக்கச் சொல்லவில்லை. முதல் பந்தயத்தில் மாப்பிள்ளை மூன்றாவதாக வந்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற என் தங்கை கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கார்களைத் தள்ளிக்கொண்டுபோனார்கள். பத்திரிகை அட்டை இருந்ததால் நான் கயிறு வரை போக முடிந்தது. எங்கள் கார் என்னைக் கடந்தபோது அதன் சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்கியது. டின்னுக்குள் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டத்தின் அதிர்வில் தாள் அமுங்கியிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்த மாப்பிள்ளைக்கு அது கேட்டிருக்காது. தள்ளியவர்களுக்குக் கேட்டிருந்தாலும் அது என்ன என்று தெரிந்திருக்காது.

அதிகாரி பத்தடி தூரத்தில் நின்றார். சொன்னால் டின்னைத் திறப்பார்கள், காரை விலக்குவார்கள். ஓட்டும் வாய்ப்பு முதலாளியின் மருமகனுக்குப் போகும். அப்போது மழை பிடித்தது. கூரையில்லாத கார்கள் வரிசையாக நனைந்தன. தகர மூடியின் விளிம்பில் தண்ணீர் தேங்கி மெல்ல உள்ளே இறங்குவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

மாப்பிள்ளை கயிற்றருகே வந்து கண்ணாடியைத் துடைத்தார். "பின்வரிசையிலேருந்து வரணும். காரு எப்படித் தெரியுது மச்சான், எல்லாம் சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

இரண்டாவது பந்தயத்தின் நான்காம் சுற்றில், வளைவில் பிரேக் போட்டபோது காரின் பின்பகுதி மட்டும் தனியே யாரோ இழுத்ததுபோல வெளிப்பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. பிறகு ஓரத்திலிருந்த மண்மேட்டில் மோதிக் கவிழ்ந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையை வெளியே எடுத்திருந்தார்கள். நினைவு இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நேராக இல்லை. அவரைச் சுற்றிலும் ஈர ரோட்டில் எழுத்துகள் சிதறிக் கிடந்தன, கூழான தாளோடு.

ஓர் அதிகாரி ஐந்தாறு எழுத்துகளைப் பொறுக்கி என் அட்டையைப் பார்த்துவிட்டு, இது எந்த மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். எங்கிருந்து வந்தது தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது தங்கை கேட்டாள். "எதனாலண்ணே?"

"மழை."

மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வந்தது. மழையில் வழுக்கியது என்று எழுதியிருந்தேன்.

கால் சேர்ந்தது, குட்டையாக. அவருக்குப் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். அடுத்த வருடம் மருமகன் ஓட்டவிருந்த பந்தயத்துக்கு முன் புதிய அறிவிப்பு வந்தது. கூடுதல் எடை ஒரே கட்டியாக இருக்கவேண்டும், சட்டத்தோடு போல்ட் போட்டிருக்கவேண்டும், எதையும் தளர்வாக நிரப்பக் கூடாது. அதை மொழிபெயர்த்தேன். பட்டறையில் கேட்பார்கள் என்று ஒரு பிரதியைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

விரல் வைத்து மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அன்னிக்கு மழையில நான் ஒண்ணு கேட்டேன்ல மச்சான்."

"கேட்டீங்க."

"சரின்னு சொன்னீங்க."

தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு தடியை எடுத்துக்கொண்டு பட்டறையில் நின்ற காரின் அந்தப் பக்கம் போனார்.