கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிற தொழிலுக்குக் கேமரா அப்புறம்தான். "கண்ணச் சிமிட்டாதீங்க" என்று நாளுக்கு நூறு தடவை சொல்லத் தொண்டை வேண்டும். 2005இலிருந்து சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் அதைத்தான் செய்தேன். கவுன்ட்டரில் நின்று காலம் தள்ளுகிறவர்களுக்கு என் அவஸ்தை புரியும். எல்லாருக்கும் நான் பேன்ட் சட்டை போட்ட தம்பி. உள்ளுக்குள் பெண். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது; பஸ் ஸ்டாண்டில் முதுகுக்குப் பின்னால் கேட்டவை எல்லாம் வசவுகள்.

எடுக்க மறந்தது

ஸ்டுடியோ கண்ணாடி ஓரத்தில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு எப்போதும் இருக்கும். காலையில் கடை திறந்ததும் ஒன்றை நெற்றியில் வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் எடுக்க மறந்துவிட்டேன். காலேஜில் சேரும் மகளோடு வந்த நெல்லிக்குப்பத்து அம்மா என் நெற்றியையே பார்த்தார். பொட்டைப் பிய்க்கக் கையைத் தூக்கினேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "இருக்கட்டும் தம்பி, ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு. எம் பொண்ணு கண்ண மூடாமப் பாத்து எடு."

எட்டோடு ஒன்று

எங்கள் கம்ப்யூட்டரில் தலையில்லாத பட்டுப்புடவைப் படங்கள் உண்டு. இறந்துபோன அம்மாக்களின் முகத்தை அதில் பொருத்தி, மாலை போட பிரின்ட் கொடுப்போம். ஆளில்லாத ஒரு மத்தியானம் என் முகத்தைப் பொருத்தினேன். அழித்திருக்கலாம். ஆசை விடவில்லை. பரங்கிப்பேட்டை பாய் ஒருவரின் எட்டுக் காப்பி ஷீட்டில் காலியாகக் கிடந்த இடத்தில் போட்டுவிட்டேன். நான் டீ வாங்கப் போன நேரத்தில் ஷீட்டைக் கவனிக்காமல் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்தவர் முதலாளி அண்ணன். மறுநாள் அந்த பாய் என் படத்தை அண்ணன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்: "இந்தத் தம்பியோட அக்கா படம் எங் கவர்ல வந்துடுச்சி. பொம்பளப் புள்ள படம், பத்தரமா வச்சிக்கச் சொல்லுங்க."

அண்ணன் கேட்டது

எனக்கு அக்கா கிடையாது என்று அண்ணனுக்குத் தெரியும். வேலை போச்சு என்றே நினைத்தேன். "அது நான்தாண்ணே" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இத்தினி நாளா தம்பி தம்பின்னு கூப்ட்டேன். இனிமே என்னான்னு கூப்புடுறது?"

என் முறை

பதில் சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை அண்ணன் என்னை "இந்தா" என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டினார். 'திருநங்கை' என்ற சொல்லைப் பேப்பரில் பார்த்ததும் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வசவு இல்லாத ஒரு சொல்! கடலூரில் திருநங்கைகளுக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள், போட்டோ வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்று, அந்தத் துண்டை அண்ணன் முன்னால் வைத்தேன். வாசித்தார். எழுந்துபோய் லைட்டைப் போட்டார். கண்ணாடியிலிருந்து ஒரு பொட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆம்பிளைகளுக்கென்று ஆணியில் தொங்கும் கோட்டை எடுத்து நீட்டிவிடுவாரோ என்று அந்த ஆணியையே பார்த்தேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பொட்டு கோணலா இருக்கு. கண்ணாடியப் பாத்து சரி பண்ணிட்டு வாம்மா."

ஊரையே சிமிட்டாதே என்று அதட்டிய நான், அந்த 'வாம்மா'வைக் கேட்டு, அன்று எடுத்த எட்டுக் காப்பியிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னொன்று எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.