கொதித்ததும் சிவந்த தண்ணீர்

எனக்கு முன்கோபம் அதிகம். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். கடையில் வாயை மூடிக்கொண்டு இருப்பவன், வீட்டுக்கு வந்தால் துரை.

ஐம்பதுகளின் கடைசியில் தேக்காக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு மேலே ஒரே அறையில் பலரோடு தங்கியிருந்தேன். கல்யாணமானதும் அங்கே குடித்தனம் நடத்த முடியவில்லை. புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், தகரக் கூரை வீடு கிடைத்தது. அங்கே பைப் கிடையாது, கிணறுதான். இறைத்த உடனே பார்த்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். டீ போட்டால் மட்டும் கறுத்துவிடும். அதற்கும் என் மனைவியைத்தான் திட்டினேன்.

முதல் குழந்தை பெண். தாய்ப்பால் போதவில்லை என்று டின் பால்மாவு கொடுத்தோம். தண்ணீரைக் காய்ச்சித்தான் மாவு கலக்க வேண்டும் என்று கிளினிக்கில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவியும் காய்ச்சினாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் செம்மண் கரைத்தது போல் ஆனது. பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தாள், வேறு பாத்திரம் மாற்றினாள். அப்போதும் சிவப்புத்தான். ஒரு நாள் நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை என் முன்னால் வைத்தாள்.

“என்னங்க, இதைப் பாருங்க. காய்ச்சினது கெட்டுப்போயிடுது. கிணத்துலேருந்து எடுத்தது எவ்வளவு சுத்தமா இருக்கு. இந்தச் செவப்புத் தண்ணியைப் பிள்ளைக்கு எப்படிக் குடுக்கறது?”

நானும் பார்த்தேன். அந்த இரண்டில் யாராக இருந்தாலும் எதை எடுப்பார்கள்? நம் ஆட்களுக்கு நல்ல தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டியது, டம்ளரின் அடி தெரிவது. அவள் என் பழைய வேட்டியைக் கிழித்து, மடித்து, பச்சைத் தண்ணீரை அதில் வடிகட்டிப் பால்மாவு கலக்கினாள். துணியில் ஒரு தூசி இருந்தால்கூட மறுபடி அலசிக்கொண்டு வருவாள்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பும்போது அவள் கையில் பிள்ளையின் போர்வை மட்டும் இருந்தது.

நான் அழவில்லை. வருத்தம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கடையில் துணி அளந்துகொண்டு நிற்பேன், வந்தவர் போதும் என்று சொன்ன பிறகும் அளந்துகொண்டே இருப்பேன். முதலாளி நல்லவர்தான், ஆனால் எத்தனை நாள் பொறுப்பார்? கம்பத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, பைப் தண்ணீர் வரும் ஓர் அறைக்கு வந்தோம். தெரிந்தவர் ஒருவர் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் போத்தல் கழுவும் வேலை வாங்கிக் கொடுத்தார். போத்தல் கழுவ மனம் தேவையில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

ஒரு நாள் கம்பத்துக் கிணறுகளிலிருந்து சோதனைக்குத் தண்ணீர் வந்தது. எல்லாப் போத்தலிலும் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அங்கே வேலை பார்த்த தமிழ்க் கெமிஸ்ட் ஒன்றிலிருந்து கொஞ்சம் ஊற்றி, ஏதோ மருந்தைச் சில சொட்டு விட்டார். தண்ணீர் ஆரஞ்சுச் சிவப்பாக மாறியது. என்ன அது என்று கேட்டேன்.

“இரும்பு. பூமிக்கடியில காத்துப் படாம கரைஞ்சு கிடக்கும், அப்போ நிறமே தெரியாது. வெளியே வந்து காத்துப் பட்டாலோ, கொதிக்கவச்சாலோ துருவா மாறிடும். அதான் இந்த வீட்டுக்காரங்க எல்லாம் தண்ணி செவக்குதுன்னு கம்ப்ளெயின் பண்றாங்க.”

“அதைக் குடிச்சா?”

“ருசி நல்லா இருக்காது, அவ்வளவுதான் லா. துரு ஒண்ணும் செய்யாது. கிருமிதான் ஆபத்து, அது கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சினாத்தான் சாகும்.”

அந்தப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் இருந்தது. அவள் அப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். தெரிந்தால் தாங்கமாட்டாள். அன்று வீட்டில் குழம்பு உப்பில்லாமல் இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன்.

அதற்குப் பிறகு அவளை நான் திட்டியதே இல்லை. பையன் பிறந்தான். அறுபதுகளின் கடைசியில் அடுக்குமாடி வீடு கிடைத்து, அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். எனக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் அடங்கிவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. புக்கிட் பாஞ்சாங் கம்பத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிளம்புமுன் எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். அடுப்படியில் என் மனைவி அவளிடம் பேசியது கேட்டது.

“அங்கே கிணத்துத் தண்ணியைக் காய்ச்சினா செவப்பா வரும்மா. பயந்துடாதே, ஆறவச்சு அதையே குடு. தெளிவா இருக்கேன்னு பச்சைத் தண்ணியை மட்டும் பிள்ளைக்குக் குடுத்துடாதே.”

அந்தப் பெண் போன பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

“உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?”

“பையன் வயித்துல இருந்தப்போ கிளினிக்ல கேட்டேன். நர்ஸ் சொன்னாங்க. நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லல.”

எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பாமல் அடுப்பைத் தணித்தாள்.

“உங்களுக்குத் தெரியும்ங்கிறதும் தெரியும். தண்ணி சோதிக்கிற இடத்துலேருந்து வந்து, உப்பில்லாத குழம்பைப் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்தீங்களே, அன்னிக்கே.”