மறுபடியும் ஐஸ்

திருகாணி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, அடிக்க வந்த அப்பாவிடம் "இருங்கப்பா, இன்னும் ரெண்டு திருகாணிதான் பாக்கி" என்றாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ரேடியோ மறுபடி பாடியதா என்று கேட்காதீர்கள், பாடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் கையில் பட்டது எதுவும் ஊமையாகப் போனதில்லை. துணி தைக்கிற கம்பெனியில் இப்போது அவள் மெஷின் மெக்கானிக். தையல் மெஷின் ஒன்று மக்கர் பண்ணினால் மேஸ்திரி முதல் வாட்ச்மேன் வரை "திருகாணியைக் கூப்பிடு" என்பார்களே தவிர, அவளுடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். மிக்ஸி, ஃபேன், குழாய், புருஷனுடைய செல்போன் எல்லாவற்றுக்கும் அவள்தான் வைத்தியர். வெளியாள் ஒருத்தன் ஸ்க்ரூடிரைவரோடு வாசலில் வந்து நின்றால் அவளுக்கு மானக்கேடு. புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் குடித்தனம். ஆகவே வீட்டில் நிரந்தரமாக இருப்பது அவள், பள்ளிக்கூடம் போகிற மகள், அப்புறம் மாமனார்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் நூல் நூற்று நூற்றே ஆயுளைக் கழித்த மனுஷர். நெஞ்சுக்குள் பஞ்சு போய் உட்கார்ந்துவிட்டதில் கொஞ்சம் மூச்சுத் தொந்தரவு உண்டு. மருந்தைப் புகையாக்கி முகமூடி வழியாக இழுக்கிற மெஷின் ஒன்றை டாக்டர் வாங்கச் சொல்லி, அதுவும் வீட்டில் இருந்தது. "எப்பவாச்சும் வைப்பேன்" என்பார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவருக்கு ஒரு வியாதி, அதற்கு மட்டும் மருந்து கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட "சிரமம் இல்லன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் அவர் பொறுப்பு. அவர் இல்லாவிட்டால் திருகாணி வேலைக்கே போக முடியாது.

அந்தப் பேத்திக்குத்தான் சர்க்கரை. பால் பல் விழுகிற வயதிலேயே வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. மருந்தை ஆஸ்பத்திரியில் பல மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள், கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற வீடுகளில் ஃப்ரிட்ஜ் கெட்டால் பால் திரியும். இந்த வீட்டில் பிள்ளை உயிருக்கே ஆபத்து.

அப்படித்தான் ஆயிற்று. ஒரு நாள் வகுப்பில் குழந்தை வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தாள். சர்க்கரை பார்க்கிற கருவியில் நம்பரே வரவில்லை, அது அளக்கிற எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. தவறாமல் ஊசி போட்ட பிள்ளை! திருகாணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் விழித்த பிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்பது. இந்த வெயிலில் சூடு பட்டு வீரியம் போயிருக்கலாம் என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளையின் உடம்பு தாங்காது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்துப் பெட்டியைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. பகீரென்றது அவளுக்கு. மேலே ஃப்ரீசரில் குளிர் இருக்கிறது, கீழே இல்லை. ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே குளிர் உண்டாக்குகிற குழாய்ச் சுருள், அதாவது காயில், இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஐஸ் சுவர். காயில் கண்ணுக்கே தெரியவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் காயில் மேல் ஐஸ் படியத்தான் செய்யும். அதை உருக்குவதற்கென்றே கீழே ஒரு சின்ன ஹீட்டர் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அது தானாகச் சூடாகி ஐஸைத் தண்ணீராக்கி வடித்துவிடும். அது வேலை செய்யாவிட்டால் ஐஸ் வளர்ந்து காற்றுப் போகிற வழியை அடைத்துக்கொள்ளும். கீழ்த்தட்டுக்குக் குளிர் இறங்காது. ஆக, இந்த உருக்குகிற ஏற்பாட்டில்தான் கோளாறு.

முடி உலர்த்துகிற மெஷினைப் பிடித்து ஐஸையெல்லாம் கரைத்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஹீட்டர் நன்றாக இருந்தது, குளிரை அளந்து சொல்கிற சென்சார் மேல்தான் சந்தேகம். புதுசு வரவழைத்து மாட்டினாள். ஃப்ரிட்ஜ் ஜில்லென்று ஆனது. ஆஸ்பத்திரியில் கொடுத்த புது மருந்தை உள்ளே வைத்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்தாள். அவர் லாரியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் வழக்கம்போல் மருந்துப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் குறைந்திருந்தது. ஓடிப்போய்த் தகட்டைக் கழற்றினால், மறுபடியும் ஐஸ்!

இந்தத் தடவை மருந்தை ஃப்ளாஸ்க்கில் ஐஸ் போட்டு வைத்துவிட்டு, நன்றாக இருந்த ஹீட்டரையும் மாற்றினாள், ஃபியூஸையும் மாற்றினாள், தண்ணீர் வடிகிற குழாயை ஊதித் துடைத்தாள். வீட்டில் யாரும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். மகள் முறைத்தாள். மாமனார் "சரிம்மா" என்றார். போதாதென்று கதவில் டேப் வேறு ஒட்டினாள். புருஷன் போனில் புதுசு ஒன்று வாங்கிவிடலாமே என்றதற்கு, "உங்க லாரி மக்கர் பண்ணினா புது லாரியா வாங்குறீங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு வைத்தாள்.

மறுபடியும் ஐஸ். அதற்குள் குழந்தை விழுந்து ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. அவளுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு மெஷின் அவளை இப்படி ஏமாற்றியதில்லை. ஃப்ளாஸ்க்கில் ஐஸ் உருகிவிட்டதா என்று கம்பெனியிலிருந்து அடிக்கடி வீட்டுக்குப் போன் போட்டு மாமனாரைப் பார்க்கச் சொல்லுவாள். சில சமயம் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். கேட்டால் காது கேட்கவில்லை என்பார்.

மிச்சம் இருந்தது, ஃப்ரிட்ஜுக்கு மூளை மாதிரி இருக்கிற போர்டு ஒன்றுதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கார அண்ணனுக்குப் போன் செய்து கேட்டாள். அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் கரண்ட் அடிக்கடி போகிறதா? இல்லையே என்றாள். அப்போதுதான் அவர் விளக்கினார். இந்த மாடலில் போர்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிற நேரத்தை எண்ணிக்கொண்டு வரும். ஆறு மணி நேரம் ஓடிய பிறகுதான் ஹீட்டரைப் போடும். நடுவில் கரண்ட் போனால் எண்ணினது அத்தனையும் போச்சு, மறுபடி முதலிலிருந்து எண்ணும். பிளக் லூசாக இருக்கிறதா பாரும்மா, வீணாகப் போர்டு வாங்காதே என்றார்.

அட, பிளக்! இது எனக்கேன் தோன்றாமல் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள். மதியமே லீவு சொல்லிவிட்டு, புது பிளக் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வாசலில் மாமனாரின் செருப்பு கிடந்தது. உள்ளே சமையலறைப் பக்கம் கொர்ரென்று ஒரு சத்தம். ஃப்ரிட்ஜ் சத்தம் அவளுக்குத் தெரியும், இது அது இல்லை. எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். ஃப்ரிட்ஜின் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் மாமனாரின் மூச்சு மெஷின் சொருகியிருந்தது. மனுஷர் தரையில் உட்கார்ந்து, முழங்கால் மேல் முழங்கையை ஊன்றி, முன்னால் குனிந்து, முகமூடிக்குள் புகையை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பி இறங்கியது.

அவளைப் பார்த்ததும் அவர் செய்ததைத்தான் அவளால் கடைசிவரை மறக்க முடியவில்லை. முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, தன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரிட்ஜ் பிளக்கைத் தேடி எடுத்துச் சொருகினார்.

"கதவைத் திறக்கலம்மா," என்றார், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "ஒரு தடவைகூட... திறக்கல. கொஞ்ச நேரம்தான்... குளிர் போயிருக்காது."

பொய் சொல்வானேன், அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். என் பிள்ளை செத்துப் பிழைத்தது இதனாலா என்று கேட்க வாய் திறந்துவிட்டாள். கேட்கவில்லை. ஏனென்றால் அவளுடைய மெக்கானிக் மூளை அவளைக் கேட்காமலே கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. இப்படி ஐஸ் சுவர் எழும்ப வேண்டுமென்றால் போர்டு ஒரு தடவைகூட ஆறு மணி நேரத்தை எண்ணி முடித்திருக்கக் கூடாது. பகலிலும் முடித்திருக்கக் கூடாது, எல்லாரும் தூங்குகிற நேரத்திலும் முடித்திருக்கக் கூடாது. அப்படியானால் இந்த மனுஷர் எத்தனை தடவை இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவருடைய மெஷினைச் சொருகினாள். முகமூடியைத் தன் கையாலேயே அவர் முகத்தில் பிடித்தாள். உதடு நீலமாக இருந்தது. ஏன் இங்கே வந்து என்று கேட்டதற்கு, முகமூடிக்குள்ளிருந்தே சொன்னார். குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறதாம். மெஷினுக்கு வயர் குட்டை. வீட்டில் மற்ற பிளக் பாயிண்ட் எல்லாம் ஆள் உயரத்தில், தரைக்குப் பக்கத்தில் இருப்பது இது ஒன்றுதான். ராத்திரியில் சத்தம் கேட்காமல் இருக்கச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"புள்ளைக்கே ஊசி, ஆஸ்பத்திரின்னு ஓடிக்கிட்டு இருக்க," என்றார். "இதுல நான் வேறயா."

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை அந்த மருந்தை இழுக்கிறார் என்று டாக்டர் கேட்டார். "எப்பவாச்சும்" என்று மாமனார் ஆரம்பித்தார். திருகாணி இடைமறித்து, ராத்திரி பகல் பாராமல் ஆறு மணி நேரத்துக்குள்ளே ஒரு தடவை, ரெண்டு மாசமாக, என்றாள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படி ஓட்டியிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார். உடனே அட்மிட் பண்ணச் சொன்னார்.

டாக்டர் போன பிறகு மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாலையில் மெஷினோடு பழகியவர்தானே, மூளை மழுங்கிவிடவில்லை. யார் கண்ணிலும் படாமல் நடந்தது இவளுக்கு எப்படிக் கணக்காகத் தெரிந்தது என்று யோசித்திருக்கிறார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"நான் பிளக்கைப் பிடுங்கினதாலதான் ஐஸ் புடிச்சுதா?" என்றார். "குழந்தைக்கு அப்படி ஆனது... என்னாலயாம்மா?"

திருகாணி வாழ்க்கையில் ஒரு மெஷினைப் பற்றித் தப்பாகச் சொன்னதில்லை. கோளாறு இன்னதென்று கண்டுபிடித்துவிட்டால் மேஸ்திரி முகம் கோணினாலும் முதலாளி முகம் கோணினாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறவள்.

"இல்ல மாமா," என்றாள். "போர்டு போயிடுச்சு. கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டேன்."

அவர் நம்பினாரா இல்லையா தெரியவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அவள் வராந்தாவுக்கு வந்து கடைக்கார அண்ணனுக்குப் போன் போட்டுப் போர்டு ஒன்று வேண்டும் என்றாள். பிளக்கைப் பார்த்தியா என்று அவர் கேட்டார். பார்த்தேன், இருந்தாலும் வேண்டும் என்றாள்.

மாமனார் வீடு திரும்பியபோது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, புது பிளக் பாயிண்ட் ஒன்று வைத்திருந்தாள். ஃப்ரிட்ஜும் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் பார்க்கவே, நன்றாக இருந்த போர்டைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டினாள். அவர் டார்ச் பிடித்தார். கழற்றிய போர்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதானாம்மா கெட்டுப்போனது?"

"இதேதான் மாமா."