ஆடாத படம்

பாசாரில் மீன் நிறுக்கும் தராசு காற்றில் ஆடியதைப் பார்த்ததும், நான் செய்யும் சிற்பம் மட்டும் ஏன் அசையக்கூடாது என்று தோன்றியது. மண்ணெண்ணெய்த் தகரத்தை இலை இலையாக வெட்டிக் கம்பிகளில் தொங்கவிட்டேன். மூச்சுப் பட்டாலே சுழன்றது.

செத்த பொம்மைகளை அடுக்கிவைத்துக் கண்காட்சி என்று பீற்றிக்கொள்ளும் குழுவினர், இதையும் அதில் வைக்கக் கேட்டதற்கு, முதலில் புகைப்படம் வேண்டும் என்றார்கள். படக்கடைக்காரரோ, "ஆடினா படம் கலங்கிரும் தம்பி!" என்று ஒவ்வோர் இலையையும் நூலால் இழுத்துக் கட்டினார்.

படத்தைப் பார்த்த குழுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "தொப்பி மாட்டுற ஸ்டாண்டா? வேணாம்லா."

"இது சுத்தும் சார், நேர்ல வந்து பாருங்க."

"அதான் படத்துலயே தெரியுதே!"

மரமண்டை! இனி இவர்களிடம் கெஞ்சுவதில்லை. அடுத்ததை ஆளுயரத்துக்குச் செய்து, கடற்காற்று ஓயாத படகுத்துறையில் தொங்கவிடப் போகிறேன் என்று அன்றே தகரம் தேடக் கிளம்பினேன்.