பேஸ்மென்டில் ஒரு செத்தவீடு

அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவருக்கு, செத்த நாய் பூனைகளைப் பதப்படுத்தி உயிரோடிருப்பதுபோல் ஆக்கிக் கொடுப்பது தொழில். மெலிந்த மனிதர். பூனைக்கு மயிர் வாருகிற அதே சீப்பால் தன் மீசையையும் வாருவார். வாசல் மணி ஓயாது. திறந்தால், துவாயில் சுற்றிய எதையோ அணைத்தபடி யாராவது அழுதுகொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் எடுக்கக்கூட பிறீசரைத் திறக்கப் பயந்தார்கள்.

பொறுக்காமல் ஒருநாள், அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்வதற்கென்றே கீழே இறங்கினேன். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா, மடியில் செத்த பூனையோடு விம்மிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி தேத்தண்ணியோடு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, உதுக்கு ஒரு கடை எடுங்கோவன். இது குடும்பம் இருக்கிற வீடெல்லோ?"

அவர் மீசையை வாரியபடி சொன்னார்: "கடையில ஆக்கள் விலைதான் கேப்பினம், தம்பி. வீடெண்டாத்தான் இருந்து அழுவினம்."

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே படியேறினேன்.

பாதிப் படியில்தான் உறைத்தது. செத்தவீட்டிலிருந்து கிளம்புகிறவன் மாதிரி, "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லாமல் வந்திருக்கிறேன். அதுவும் என்னுடைய வீட்டில்!