மரத்துக்குக் காயம் போடாத கை

இன்று மத்தியானம் யட்டியாந்தோட்டை பஜாரில் கோகிலா அக்காவைச் சந்தித்தேன். அவருடைய கோபத்துக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டேன் என்றாலும் சரிதான். ரிப்கான் நானாவின் இரும்புக்கடையில் நான் பூட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மேசைமேல் டொக்கென்று வைத்தார். உள்ளே பன்னிரண்டு உளிகள்.

“நானா, இதுல ஒண்ணுகூட வெட்டமாட்டேங்குது.”

கோகிலா அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பத்தொன்பது வருடமாகப் பால் வெட்டுகிறார். உளி பிடிக்க ஆரம்பித்துப் பதினோரு நாள்தான். எல்லாம் அவர்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஆடும் காமன் கூத்துக்காக. மன்மதன் வேஷம் போடுகிறவர் இரண்டு தோளிலும் கட்டும் மரப் புஜக்கட்டைகளைக் கறையான் தின்றுவிட்டது. தோட்டத்தின் கீழ் டிவிசனில் இரவல் கேட்கலாம் என்று கோயில் கூட்டத்தில் பேச்சு வந்திருக்கிறது. தினமும் கத்தி பிடிக்கிற எனக்கு இது என்ன பெரிய வேலை, நானே செதுக்குகிறேன் என்று அக்கா எழுந்து சொல்லிவிட்டார். பொம்பளை செதுக்கியதைக் கட்டிக்கொண்டா ஆடுவது என்று பின்னால் ஒருவர் முணுமுணுக்க, அக்காவுக்கு ரோஷம் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து வைக்கிறேன் என்று சாமி முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று திங்கள். இந்த வருஷம் மன்மதன் யார் தெரியுமா? அவருடைய கணவர் சுரேந்திரன் அண்ணன்தான்.

ரிப்கான் நானா பொறுமையாகத்தான் சொன்னார். பெட்டியில் வரும் உளிக்கு வடிவம் மட்டும்தான் இருக்கும், கூர்மையை நாம்தான் ஏற்ற வேண்டும். தினமும் விடியக்காலையில் கத்தி தீட்டுகிறவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம் என்று அக்கா சீறினார். என்ன மரம் என்று நானா கேட்டார். முள்முருங்கை, மெத்தென்ற மரம், அதையே வெட்டவில்லை என்றார் அக்கா.

“மெத்துன மரத்துக்குத்தான் கூர் கூட வேணும், தங்கச்சி. பாண் ரொட்டி வெட்ற மாதிரி. மொட்டக் கத்தின்னா நசுங்கிப் போகும்.”

பிறகு பன்னிரண்டில் மூன்றை மட்டும் எடுத்து வைத்தார். நேர்வாய் உளி ஒன்று, குழி எடுக்கும் வளைந்த உளி ஒன்று, கோடு கீற, வாய் ஆங்கில V எழுத்துப்போல இருக்கும் வி வாய் உளி ஒன்று. புதிதாகப் பழகுகிறவருக்கு இவை போதுமாம், மற்றதைத் தொடவே வேண்டாமாம்.

“அப்ப எதுக்கு நானா பன்னெண்டு வித்தீங்க?”

“நீங்கதானே பெரிய பெட்டியா வேணும்னு கேட்டீங்க.”

கடையில் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. நானா மூன்றையும் எண்ணெய்க் கல்லில் தீட்டி, பழைய தோல் செருப்பில் இழுத்து, தன் கை முடியைச் சிரைத்துக் காட்டினார். இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நானும் அக்காவோடு அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பார்க்காமல் வர மனசில்லை.

பிரச்சினை தீரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, கட்டையைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, அக்கா உளியைத் தன் பக்கமாக இழுத்தார். பால் கத்தி இழுத்து வெட்டுவது, உளி தள்ளி வெட்டுவது. இடது கையில் ஏற்கெனவே இரண்டு பிளாஸ்டர். நான் ஞாபகப்படுத்தியதும் திருப்பித் தள்ளினார். கோணம் அவ்வளவு அழகு, கோடு அவ்வளவு நேர்! ஆனால் சீவல் வெங்காயத்தோல் மாதிரித்தான் வந்தது. புஜக்கட்டையில் வர வேண்டிய தாமரையின் இதழ் எல்லாம் நகத்தால் கீறியதுபோல மேலாகவே கிடந்தது. மூலையில் இதேமாதிரி வீணான மூன்று கட்டைகள் வேறு.

சுரேந்திரன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்னா புள்ள, வண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு. தூரத்துல நிக்கிறவனுக்கு வெறும் பலகைதான் தெரியும்.”

அக்கா உளியைக் கீழே போட்டார். கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் ஆழமாகப் போனால் என்ன என்று கேட்டேன்.

“போக மாட்டேங்குதும்மா. கை தானா நின்னுருது.”

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பால் வெட்டும்போது கத்தி பட்டைக்குள்ளேயே நிற்க வேண்டும், உள்மரத்தைத் தொட்டால் மரத்துக்குக் காயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அக்கா ஒரு மரத்தைக் காயப்படுத்திவிட்டார். ஃபீல்ட் ஆபீசர் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டு அதைக் காட்டினாராம். அந்த மரம் இன்னும் முண்டு கட்டி நிற்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார். பத்தொன்பது வருடமாக மரத்தைத் தொடாமல் பழகிய கை, பதினோரு நாளில் எப்படிக் கேட்கும்? எனக்கே அழுகை வந்துவிட்டது.

அக்கா மரச்சுத்தியலை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

“உளிய நான் புடிக்கிறேன். நீங்க அடிங்க. நான் போதும்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க.”

முதல் அடி விழுந்ததும் அக்கா “போதும்” என்றார். அண்ணன் நிறுத்தவில்லை. இரண்டாவது அடிக்கும் “போதுங்க” என்றார். மூன்றாவது அடியில் விரல் தடிப்பில் ஒரு வெள்ளைத் துண்டு துள்ளி விழுந்தது. குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, “காயம் போட்டுட்டேன்” என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த இதழுக்கு அவரே, “ம், அடிங்க” என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நாலாவது இதழில் அண்ணன் ஓங்கி அடித்ததில் மரம் நார்வாக்கில் பிளந்து நுனி போய்விட்டது. இது அடியா, விறகு பிளக்கிறீங்களா என்று அக்கா கத்த, அப்ப நீயே அடிச்சுக்கோ என்று அண்ணன் எழுந்து போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு புஜக்கட்டை முடிந்தது. நுனி உடைந்தாலும் ரோட்டிலிருந்து பார்த்தாலே பூ தெரிகிறது. இரண்டாவதைத் தொடங்கிய உடனே வி வாய் உளியின் முனை பொட்டென்று முறிந்தது. அந்த உளி இல்லாமல் கோடு வராது. கடையில் தனியாக விற்பதும் இல்லை.

“ஒத்தத் தோள் மன்மதனா நிக்கிறேன், விடு” என்றார் அண்ணன். அக்கா அவரை முறைத்தார்.

யட்டியாந்தோட்டை, ருவான்வெல்லைப் பக்கம் யார் வீட்டிலாவது நல்ல வி வாய் உளி சும்மா கிடந்தால், வியாழனுக்குள் ரிப்கான் நானா கடையில் கொடுத்துவிடுங்கள், கோகிலா அக்காவுக்கு என்று சொன்னால் போதும். உளி இல்லாதவர்கள், இருக்கக்கூடிய யாருக்காவது இதை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கூத்துக்கும் வாருங்கள். மன்மதனின் இரண்டு தோளையும் பாருங்கள்.