லைட்டு டீ

மின்விசிறி இறக்கைகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனி அது. அடித்து வந்த இறக்கைகளை மூன்று மூன்றாகச் செட் சேர்ப்பது என் வேலை. மூன்றும் ஒரே தந்த நிறமாக இருக்க வேண்டும். இரண்டாயிரத்துகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஜன்னல் இல்லாத ஷெட். மேலே தொங்கிய மெட்டல் ஹாலைடு பல்புகள் இல்லாவிட்டால் பகலிலும் எங்களுக்கு ராத்திரிதான்.

அந்த வருஷம் நான் சேர்த்த செட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. மூன்றில் ஒன்று லேசாக ரோஸ் அடிக்கிறது என்று புகார். மேனேஜர் என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை செட் திரும்பினால், பெயின்ட்டுக்கு முன்னால் இறக்கைகளைக் கழுவும் ஆசிட் தொட்டிக்கு மாற்றிவிடுவேன் என்றார். அங்கே வேலை செய்பவர்களின் இருமல் எங்கள் மேஜை வரை கேட்கும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் ஒருநாள் மேலே பார்த்துவிட்டுச் சொன்னார். "வயசானா இந்த பல்பு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர் காட்டும்மா. உன் தலைக்கு மேல பச்சை அடிக்குது, உன்கூட செட் சேக்குற அக்கா தலைக்கு மேல ரோஸ் அடிக்குது. நீ இன்னா பண்ணுவே?"

பல்ஸ் ஸ்டார்ட் என்று ஒரு வகை இருக்கிறது, அது அத்தனை சீக்கிரம் நிறம் மாறாது, ஆனால் பல்போடு சேர்த்து சோக்கையும் மாற்ற வேண்டும் என்றார். செலவு என்றதும் மேனேஜர் யோசித்தார். பழைய வகையில் புதிது ஒன்று, பல்ஸ் ஸ்டார்ட் ஒன்று, இரண்டையும் எங்கள் மேஜைக்கு மேல் மாட்டச் சொன்னார். மேஜையில் இருக்கும் நாங்கள் இரண்டு பேரும் எதைச் சொல்கிறோமோ அதையே ஷெட் முழுக்கப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது ஆள் எளாவூர் அக்கா. முட்டிவலிக்காரர். எங்களுடையது நின்றே செய்யும் வேலை. ஆனால் கரண்ட் ஒரு கணம் போய் வந்தாலும் பழைய பல்பு அணைந்துவிடும். சூடு ஆறி, மறுபடி பிடித்து, முழு வெளிச்சம் வரக் கால் மணிக்கு மேல் ஆகும். மெஷின்கள் ஓடும், நாங்கள் மட்டும் உட்காருவோம். எமர்ஜென்சி லைட்டின் மங்கல் வெளிச்சத்தில் அக்கா பிளாஸ்க்கைத் திறப்பார். அதற்கு லைட்டு டீ என்று பெயர். கரண்ட் போனால் சந்தோஷப்பட்ட மேஜை அந்தத் தொழிற்பேட்டையிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

புதுசில் இரண்டு பல்பும் ஒரே மாதிரி நன்றாகத்தான் இருந்தன. மறுநாள் கரண்ட் போய் வந்தது. அக்கா முதல் டம்ளரை முடிப்பதற்குள் பல்ஸ் ஸ்டார்ட் எரிய ஆரம்பித்துவிட்டது. மற்றது அணைந்தே கிடந்தது.

அக்கா மேலே பார்த்தார். "இதுக்கு இன்னாடி இவ்ளோ அவசரம்? பல்ஸுன்னா நாடிதானே? அதுக்கு நாடி நல்லா துடிக்குது. எனக்குத்தான் முட்டி போவுது." அப்புறம் குரலை இறக்கி, "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதுன்னு சொல்லிடு. செலவு கம்மின்னு பழசையே போட்டுடுவாரு" என்றார்.

எனக்கு அந்த இருமல்தான் காதில் இருந்தது.

மேனேஜர் வந்து கேட்டார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பல்ஸ் ஸ்டார்ட்தான் சார்" என்றேன். மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார்.

"டாக்டரே நல்லாருக்குன்னு சொன்ன கண்ணு சார் அது" என்றார் அக்கா. "அவ சொன்னா சரிதான்."

ஷெட் முழுக்கப் பல்பு மாறியது. அதற்குப் பிறகு என் செட் எதுவும் திரும்பி வரவில்லை. ஆசிட் தொட்டிப் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அக்கா முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

புது பல்புகள் போட்ட பிறகு முதல் தடவை கரண்ட் போனபோது அக்கா எப்போதும்போல உட்கார்ந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். ஒன்றை என்னிடம் நீட்டினார். கரண்ட் வந்தது. நாங்கள் பாதி குடித்திருப்போம், மேஜை மேல் வெளிச்சம் ஏற ஆரம்பித்தது. அக்கா மீதியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி வைத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"எந்திரிடி" என்றார். "உன் லைட்டு வந்துடுச்சி."